சோமாவதி வீட்டு விலாசம்

யட்டியாந்தோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் என் கோக்கோ டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த சமயம். அனுமதி இல்லாமல் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று வழியில் தடுப்பு வைத்து, பஸ் பஸ்ஸாக ஏறிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். டின்னைத் திறந்து காட்டினேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "ஹொந்தாய்" என்றார். நல்லா இருக்கு என்று அர்த்தமாம். இன்னொரு தடவையும் தொட்டு நக்கிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு நிறைமாதக்காரி உட்கார்ந்து வந்தாள். நான்தான் எழுந்து இடம் கொடுத்திருந்தேன். தடுப்பைத் தாண்டி பஸ் ஒரு வளைவு திரும்பியதும் அவள் சேலைக்குள் கையை விட்டு, வயிற்றிலிருந்து ஒரு அரிசிப் பையை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கக்கா, வீட்ல புள்ளைங்க இருக்கு" என்றாள் என்னிடம்.

கோபம் எங்கே வந்தது? வெட்கம்தான் வந்தது. மலேசியாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள் நான். ராசம்மா மிஸ்ஸி என்றால் எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் மாதம் சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள். இந்த நாட்டில் கால் வைத்த முதல் நாளே ஒரு படி அரிசியைப் பிள்ளை என்று நம்பிவிட்டேன்.

என் அப்பாவும் பெரியப்பாவும் நாமக்கல் பக்கத்திலிருந்து பிழைக்கக் கிளம்பியவர்கள். அப்பா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். பெரியப்பா கண்டிச் சீமைக்கு என்று போய், கேகாலை மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நின்றுவிட்டார். இரண்டு பேருமே அங்கங்கே பால் வெட்டி, அங்கங்கே மண்ணாகிப் போனார்கள். மிஞ்சியது பெரியப்பா மகன் பெருமாள் அண்ணன் ஒருவர்தான். கண்ணால் ஒரு தடவையாவது பார்த்துவிடலாம் என்று, சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் அண்ணன் காத்திருந்தார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, சாயத்தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் குரல் அப்படியே. நான் கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்கார முதலாளி தமிழர்தான். பால் இல்லாத தேநீரும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு, "மலாயாவிலயும் பாணுக்குக் கியூ நிக்கிறாங்களாம்மா?" என்று விசாரித்தார். பாண் என்றால் ரொட்டி. இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு லாரியில் போவதாக ஏற்பாடு. லாரி பாதி மலையில் நின்றுவிட்டது. மீதி வழியை நடந்தோம். மழை, அட்டை, மறுபடி மழை. எங்கள் ஊரிலும் அட்டை உண்டு. ஆனால் கேகாலை அட்டைக்கு என் ரத்தம் ரொம்பப் பிடித்துப்போயிற்று போல. அண்ணன் சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் வைத்திருந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று என் காலுக்கு உப்பு வைத்தார்.

லயத்தைப் பார்த்ததும் எனக்குப் புது இடம் என்றே தோன்றவில்லை. ஒரே தகரக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பிராக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, முன்னால் புகை படிந்த அடுப்பு. நான் பிறந்ததும் இப்படி ஒன்றில்தான். எங்கள் தோட்டத்தில் பிறகு தனித்தனி வீடாகக் கட்டினார்கள். இங்கே இன்னும் பழையபடியே. ஐம்பது பேருக்குத் தண்ணீர் ஒரே பீலிக் குழாயில். கக்கூஸ் இருந்தது, கதவு இல்லை. லயத்துக்குக் கீழே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தென்னையும் பலாவும் நடுவே ஓட்டு வீடுகளுமாக ஒரு சிங்களக் கிராமம்.

அந்தக் கிராமத்தைத் தோட்டத்து ஆட்கள் 'நாடு' என்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் நாட்டாளுங்க. "நாட்டுப்பக்கம் போயிட்டு வரேன்" என்றால் ஓடையைத் தாண்டிவிட்டு வருகிறேன் என்று பொருள். அப்படியானால் நாம் நிற்கிற இந்த இடம் எந்த நாடு என்று அண்ணனைக் கேட்டேன். "இது தோட்டம்" என்றார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். கொண்டுவந்த மத்தி மீன் டின்னைத் திறந்தேன். செல்லம்மா அண்ணி அதை ஒன்பது பங்காக்கி, பக்கத்துக் காம்பிராவுக்கும் கொடுத்தனுப்பினாள். வீட்டு மருமகள் பாக்கியம் வெளியே அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறு மாதம் என்று கணக்கிட்டேன். இந்தத் தடவை அரிசி இல்லை, நிச்சயம் பிள்ளைதான்.

"தலைப்பிள்ளையா?" என்று அண்ணியைக் கேட்டேன்.

பாக்கியம்தான் சொன்னாள். "மூணாவது, அத்தை. ரெண்டு தங்கல."

மறுநாள் விடிந்ததும் பாக்கியத்தோடு பால் வெட்டுப் பார்க்கப் போனேன். என் அப்பா வெட்டியது போலவே அதே சரிவு, அதே கத்தி, அதே சிரட்டை. அடுத்த வரிசை மரங்களை வெட்டிக்கொண்டிருந்தவள் சோமாவதி. சிங்களப் பெண், முப்பது வயது இருக்கும், கருத்த திடமான உடம்பு, இடுப்பில் சுற்றிய சீத்தைத் துணியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் தோட்டத்து வேலைக்கு வருகிறவள். இருவரும் சேர்ந்து வெட்டி, சேர்ந்து வாளி தூக்கி, ஒரே தராசில் பால் நிறுத்து, ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி சிங்களம். எது எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

பத்து மணிக்கு ரொட்டி தின்னும்போது பாக்கியத்திடம் அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிக் கேட்டேன். தொழில் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பொறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. நல்லா குடிச்சுச்சு. ஏழாம் நாளு வாய் கட்டிக்கிச்சு. காம்பை வச்சா புடிக்கத் தெரியல. அப்புறம் வில்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இழுத்துச்சு. ரெண்டாவதும் அதே மாதிரிதான். தோஷம்னு சொன்னாங்க. மந்திரிச்சோம்."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். தொப்புள் கொடி வழியாக நஞ்சு ஏறி வருகிற ஜன்னி அது. வெட்டிய கத்தியிலோ, மேலே பூசிய சாம்பலிலோ, மண்ணிலோ அந்தக் கிருமி இருந்தால் போதும். எங்கள் தோட்டத்திலும் ஒரு காலத்தில் பிஞ்சுகளை வாரிக்கொண்டு போனதுதான். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி வந்த பிறகு என் கையில் அப்படி ஒரு குழந்தையும் போகவில்லை. தாய்க்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளைக்குக் காவல் போய்ச் சேர்ந்துவிடும்.

"உனக்கு ஊசி போடலையா?"

"என்ன ஊசிங்க?"

சோமாவதி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சட்டைக் கையை மேலே தூக்கி, புஜத்தைத் தட்டிக் காட்டினாள். பிறகு விரல்களை விரித்தாள். நாலு பிள்ளைகள். நாலும் உயிரோடு. அவள் ஊரில் இந்த நோயில் ஒரு குழந்தை போய்ப் பல வருஷமாகிறதாம். மாதா மாதம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க கிளினிக் நடக்கிறது. மிட்வைஃப் நோனா, அதாவது மருத்துவச்சி அம்மா, வீடு வீடாக வந்து கூட்டிக்கொண்டு போவாளாம்.

"லயத்துக்கு வர்றதில்லையா?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள், லாரி பறக்குமா என்று கேட்டவளைப் பார்ப்பது போல.

அன்று சாயந்தரமே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், மரியாதையானவர். நானும் உங்கள் தொழில்தான் என்றதும் நாற்காலி துடைத்துப் போட்டார். அலமாரியைத் திறந்து காட்டினார். இருமல் மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து, பஞ்சு.

"இவ்வளவுதான் பிள்ளை. உந்த ஊசி எனக்கு வாறேல்லை. நான் கேட்டும் பாத்தனான்."

"அரசாங்கத்துக்கிட்ட கேக்கலாமே?"

"அரசாங்கம் என்ன சொல்லுது தெரியுமோ? தோட்டத்துச் சனத்தைத் தோட்டம் பாக்க வேணும் எண்டு. தோட்டம் என்ன சொல்லுது? ஊசி போடுறது அரசாங்கத்தின்ர வேலை எண்டு. நான் நடுவில இருந்து ஊதா மருந்து பூசுறன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளினிக் வருகிற வெள்ளிக்கிழமை என்று சோமாவதி சொன்னாள். நான் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் பேர் போகும், அதாவது அன்றைய கூலி கிடையாது. பரவாயில்லை என்றேன். அண்ணிக்குப் பயம். "நம்ம ஆளுங்க அங்க போனதே இல்ல ராசம்மா" என்றாள். எத்தனை ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்து கிளினிக்கில் எனக்கென்ன பயம்? வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் துடைத்துக் கட்டிக்கொண்டு, ஓடையின் மேல் போட்டிருந்த இரண்டு தென்னங்கட்டைகளில் தடுமாறித் தடுமாறிக் கடந்தேன். பாக்கியம் எனக்கு முன்னால் வயிற்றோடு விறுவிறுவென்று நடந்தாள்.

வகுப்பறையில் பெஞ்சு நிறையப் பெண்கள். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மிட்வைஃப் நோனாவுக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, இறுக்கமான கொண்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. பாக்கியத்தின் வயிற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "வத்தே" என்றாள். தோட்டம்.

நோனா கையை விரித்தாள். கோபமில்லை, ஏச்சில்லை. என் ஏரியா ஓடையோடு முடிகிறது, தோட்டத்துக்காரி தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகணும், எனக்குக் கணக்குப் பார்த்துத்தான் மருந்து தருகிறார்கள் என்று அவள் சொன்னதைப் பாக்கியம் எனக்குச் சொன்னாள். நான் இங்கிலீஷில் வாதாடினேன். நானும் மிட்வைஃப்தான் என்றேன். இந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தை அந்த ஜன்னியில் போய்விட்டது என்றேன். அவளுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். முடியாது.

"போயிடலாம் அத்தை" என்று பாக்கியம் என் முந்தானையை இழுத்தாள். "எல்லாரும் பாக்குறாங்க."

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து சோமாவதி எழுந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக நோனாவிடம் வந்து, சத்தமாக ஏதோ சொன்னாள். அறை முழுக்க ஒரு சலசலப்பு.

"என்ன சொல்றா?" என்றேன்.

பாக்கியம் திகைத்துப்போய் நின்றாள். "நான் அவ வீட்ல இருக்கேனாம்."

அடுத்து நடந்த பேச்சைப் பாக்கியம் பிறகு எனக்கு வரிவரியாகச் சொன்னாள்.

"எப்போதிலிருந்து உன் வீட்டில் இருக்கிறாள்?" என்று நோனா கேட்டிருக்கிறாள்.

"காலையிலேர்ந்து."

"ராத்திரியும் அங்கேதான் படுப்பாளா?"

"வந்து பாருங்க."

நோனா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்று ராத்திரி பாக்கியம் சோமாவதி வீட்டில் படுக்கப் போகிறாள் என்றதும் அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை. "நாட்டு வீட்ல போய்ப் படுக்குறதா? முன்ன ஒரு தடவ கலகம் வந்தப்ப அந்தப் பக்கத்திலேர்ந்துதானே கல்லு வந்து விழுந்துச்சு? மறந்துட்டீங்களா?" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். அண்ணன் பீடியை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லை அவர் மறக்கவில்லை என்று முகம் சொல்லிற்று. பாக்கியத்தின் புருஷனோ அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கும் முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. நான் ஒரு மாதத்தில் விமானம் ஏறிவிடுவேன். இவர்கள் இங்கேயே இருக்கப்போகிறவர்கள். சோமாவதியும்தான். நாளைக்கு அவள் ஊரில் நாலு பேர் அவளைக் கேள்வி கேட்டால்?

பாக்கியம் மாற்றுச் சேலையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு புள்ளைய இந்தப் பக்கம் வச்சுப் பாத்துட்டேன், அத்தை" என்றாள் மாமியாரிடம். "இத அந்தப் பக்கம் வச்சுப் பாக்குறேன்."

துணைக்கு நானும் போனேன்.

சோமாவதி வீடு இரண்டே அறை. மண் சுவர், ஓட்டுக் கூரை, பின்னால் கல் கட்டிய கிணறு, கிணற்றுக்கு எட்டத்தில் கதவு வைத்த கக்கூஸ். நான் முதலில் பார்த்தது அந்தக் கதவைத்தான். சம்பளம் ஒன்று, வேலை ஒன்று, பெய்கிற மழையும் ஒன்று. இவளுக்கு மட்டும் கிணறும் கதவும் ஊசியும். இவள் பணக்காரி இல்லை. படுக்கிற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் புருஷன் கூலிக்குப் பலகை அறுக்கிறவன். எங்களைப் பார்த்துவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். சாப்பாட்டுக்கு அவித்த பலாக்காய், தேங்காய்ப்பூ, காய்ந்த மிளகாய்ச் சம்பல். நாலு பிள்ளைகளும் எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நான் கையால் சாப்பிடுகிறேனா என்று கவனித்தார்கள். சாப்பிடுகிறேன் என்று தெரிந்ததும் மரியாதை போய்விட்டது. கடைசிப் பெண் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் குடை உதறும் சத்தம் கேட்டது. மிட்வைஃப் நோனா.

சோமாவதி எழுந்திருக்கவில்லை. பலாக்காயைப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே, பாய் மேல் உட்கார்ந்திருந்த பாக்கியத்தைத் தாடையால் காட்டினாள். நோனா உள்ளே வந்து, பாக்கியத்தின் முன்னால் குந்தி, கணுக்காலை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து மெல்ல மேலே வந்தது. வீக்கம். நானும் காலையிலேயே கவனித்திருந்தேன்.

என் பக்கம் திரும்பி, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னாள்: "மார்னிங் நான் இதைப் பார்த்தேன். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை."

பையைத் திறந்தாள். உள்ளே, துணியில் சுற்றிய ஃபிளாஸ்க். ஊசியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சோமாவதி அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் விளக்கைப் பிடித்தேன். பாக்கியம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வேலை சில நொடிதான். நோனா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னதைச் சோமாவதி தமிழாக்கிச் சொன்னாள்: "என் ஏரியாவுல தூங்குற பொம்பள என் பொம்பள. அடுத்த மாசமும் இங்கதான் தூங்கணும்."

அந்த ஒரு மாதத்தில் நான் ஊர் சுற்றினேன். புளத்கொகுபிட்டியவில் அண்ணனுடைய சம்பந்தி வீடு. தெரணியகலைக்குப் போகிற வழியில் பஸ்ஸின் இன்ஜின் நின்றுபோய், மழையில் ஒரு பாலத்தடியில் பாதி நாள். எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். ஒரு பிக்கு என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காவல் காத்தார். போன இடமெல்லாம் லயங்களுக்குப் போனேன், பிள்ளை பெற்றவர்களோடு பேசினேன். பேசியபின் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று லயத்துக்கு லயம் அதே பேச்சு. பக்கத்துக் கிராமத்தில் கேட்டால், 'அதெல்லாம் முன்ன இருந்துச்சு' என்றார்கள்.

அண்ணன் லயத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. பிரசவம் பார்க்கிற கிழவி ஒருத்தி இருந்தாள். அவளோடு சண்டைக்குப் போகாமல், அவள் பிளேடை அவள் முன்னாலேயே கொதிக்க வைத்து, நூலையும் கொதிக்க வைத்து, தொப்புளில் சாம்பல் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிக் சாயச் சேலையில் ஒன்றையும் கொடுத்தேன். சேலைதான் வேலை செய்தது.

பாக்கியத்தின் கதை லயம் லயமாகப் பரவிவிட்டது. அது எனக்குத் தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு நானும் பாக்கியமும் கிளம்பியபோது, ஓடைக்கரையில் ஏழெட்டுப் பெண்கள் குளித்து, பூ வைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி என்றால் ஒளிக்கலாம். இத்தனை பேரை எங்கே ஒளிப்பது? திரும்பிப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் தென்னங்கட்டைப் பாலத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப் நின்றது. அன்றைக்கென்று டாக்டரே வந்திருந்தார். இளம் வயது, மூக்குக் கண்ணாடி, களைத்த முகம். மிட்வைஃப் நோனா எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். "கெதர கொஹெத?" வீடு எங்கே?

"சோமாவதி கெதர" என்றாள் பாக்கியம். சோமாவதி வீடு.

அடுத்தவள் வந்தாள். "சோமாவதி கெதர."

அதற்கடுத்தவளுக்குச் சிங்களமே தெரியாது. ஆனால் இந்த இரண்டு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெஞ்சு நிறையக் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் முடிந்தது. சோமாவதி மூலையில் சுவரோடு சுவராக நின்றாள்.

டாக்டர் நோனாவிடம் திரும்பினார்; அவர்கள் பேசியதைப் பாக்கியம் என் காதில் தமிழில் சொன்னாள். "இந்தச் சோமாவதி வீட்டில் எத்தனை அறை?"

"இரண்டு, சேர்."

"இரண்டு அறையில் இத்தனை கர்ப்பிணிகளா?"

"பெரிய குடும்பம், சேர்" என்றாள் நோனா. முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

பெஞ்சுகளில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிராமத்துப் பெண் மெதுவாக நகர்ந்து, நின்றுகொண்டிருந்த லயத்துக்காரி ஒருத்திக்கு உட்கார இடம் விட்டாள். டாக்டர் அதைப் பார்த்தார். எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கிருந்து பார்த்தால் ஓடையும், ஓடைக்கு மேலே லயத்தின் தகரக் கூரையும் தெளிவாகத் தெரியும். பிறகு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"நீங்கள்?"

"நானும் அந்த வீடுதான், டாக்டர்" என்றேன். ஒரு ராத்திரி படுத்தவள்தானே, பொய்யில்லை.

அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து நோனாவைக் கேட்டார். "மருந்து போதுமா?"

"இன்றைக்குப் போதும். அடுத்த மாதம் போதாது, சேர்."

"அப்படியானால் கூட வேண்டும் என்று எழுதுங்கள்" என்றார். பேனாவை எடுத்து, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

அவர் நல்ல மனிதரா, சோர்ந்துபோன மனிதரா, எனக்குத் தெரியாது. ஊசி ஏறியது. எனக்கு அது போதும்.

நான் புறப்படும் நாளில் சோமாவதி ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து அந்த லயத்தில் இருக்கிற செல்லம்மா அண்ணி அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நாட்டுக்காரிக்குப் பாய் விரித்து உட்கார வைத்துச் சாயத்தண்ணி கொடுத்தாள். பழத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களோடு பங்கு போட்டுத் தின்றுகொண்டே போனேன்.

ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த பிறகு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்துக்கு வெளியே மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம் இருக்கிறது, அதற்கப்பால் சீனர்களின் புதுக் கிராமம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அந்த இரண்டு இடத்துக்கும் பை எடுத்துக்கொண்டு போனதில்லை. அவர்கள் மருத்துவச்சியும் எங்கள் பக்கம் வந்ததில்லை. யாருக்கு எங்கே என்ன குறை என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஓடை இல்லை, ஒரு தார் ரோடு. அடுத்த வாரமே ரோட்டைத் தாண்டிப் போய் கம்பத்து மருத்துவச்சியைப் பார்த்தேன். அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். இப்போது மாதத்துக்கு ஒரு தரம் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்கு எழுத வராது. பள்ளிக்கூட மாஸ்டர் எழுதியிருந்தார், ஆனால் பேச்சு அண்ணனுடையதேதான்.

"தங்கச்சி, பாக்கியத்துக்குப் பொம்பளப் புள்ள. ரெண்டு வாரம் ஆச்சு. நல்லா பால் குடிக்கிது. மிட்வைஃப் நோனா மூணு தடவ ஓடையைத் தாண்டி வந்து பாத்துச்சு. யாரு கேட்டாலும் சோமாவதி வீட்டுப் புள்ளையப் பாக்க வந்தேன்னு சொல்லுது. ஒரே ஒரு கஷ்டம். புள்ள ராப்பகலா அழுகுது. என்ன அழுகை! லயத்துல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. பக்கத்துக் காம்பிராவுல கோவிச்சுக்கிறாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வரைக்கும் கேக்குதுன்னு சோமாவதி சொல்றா."